லண்டனிலிருந்து ஒரே நாளில் ஆங்கிலக் காடு: டிரிங், ஆல்ட்பரி, ஆஷ்ரிட்ஜ்

கேள்வி இது: ஏப்ரல் கடைசியில் ஊரிலிருந்து அப்பா அம்மா லண்டன் வருகிறார்கள், இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. புளூபெல் என்ற நீலப் பூ பூத்த காட்டையும் ஒரு கிராமத்தையும் ஒரே நாளில் காட்ட வேண்டும். கார் கிடையாது. எங்கே போவது, என்னென்ன கவனிக்க வேண்டும்?

ஆஷ்ரிட்ஜுக்குப் போங்கள். லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகளின் மேல், ஹார்ட்ஃபோர்ட்ஷயரும் பக்கிங்ஹம்ஷயரும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பராமரிப்பில் ஏறக்குறைய 5,000 ஏக்கர்: காடு, பொதுநிலம், புல்வெளிக் குன்றுகள் எல்லாம் சேர்த்து. யூஸ்டன் நிலையத்தில் ரயிலேறினால் டிரிங்குக்குச் சுமார் 40 நிமிடம். புளூபெல்லுக்குப் பெயர்போன காடுகள் தென்கிழக்கு இங்கிலாந்தில் இன்னும் பல உண்டு. ஆனால் நிலையத்திலிருந்து நடந்தே கிராமம், அங்கிருந்து நடந்தே காடு என்று அமைவது அரிது. கார் இல்லாதவர்களுக்கு அதுதான் முக்கியம்.

முதலில் ரயில். லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் கார்டு வாட்ஃபோர்ட் ஜங்ஷன் வரைதான். டிரிங்குக்குத் தனி டிக்கெட் வாங்கிவிடுங்கள். மூன்று பேர் சேர்ந்து போவதால் குரூப்சேவ் என்று கேளுங்கள்: 3 முதல் 9 பேர் வரை சேர்ந்து பயணம் செய்தால் ஆஃப்-பீக் (நெரிசல் இல்லாத நேர) கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார இறுதியில் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டுப் பேருந்து விடுவது வாடிக்கை. முந்தின நாள் இரவே நேஷனல் ரெயில் தளத்தில் பார்த்துவிடுங்கள். பாதி வழியில் பேருந்துக்கு மாறினால் பெரியவர்களுக்கு அங்கேயே அலுப்புத் தட்டிவிடும். இன்னொன்று: டிரிங் நிலையம் டிரிங் ஊருக்குள் இல்லை. ஊர் மேற்கே சுமார் 3 கி.மீ. தள்ளி இருக்கிறது. நீங்கள் போக வேண்டிய ஆல்ட்பரி கிராமம் கிழக்கே, இரண்டு கி.மீ.க்கும் குறைவு. நிலையத்தில் இறங்கி, ஊர்ப்பெயரைப் பார்த்து மேற்கே நடந்துவிடாதீர்கள்.

அடுத்தது, எவ்வளவு தூரம் நடப்பது. பலரும் தவறுவது இதில்தான். இணையத்தில் கிடைக்கும் பிரபலமான சுற்று, நிலையத்திலிருந்து ரிட்ஜ்வே நடைப்பாதை வழியாக ஐவிங்ஹோ பீக்கன் குன்றுக்கு ஏறி, காட்டு வழியே பிரிட்ஜ்வாட்டர் நினைவுத்தூணுக்கு வந்து, ஆல்ட்பரி இறங்கி நிலையம் திரும்புவது. மொத்தம் 13–14 கி.மீ. இளைஞர்களுக்கு அருமையான வழி. மணிக்கு 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல் என்பது மலையேறிகள் போடும் கணக்கு. அது நடந்து பழகியவர்களுக்கு. பெரியவர்களோடு, படம் எடுத்துக்கொண்டு, சேற்றில் அடி பார்த்து வைக்கும்போது மணிக்கு 2.5 முதல் 3 கி.மீ. என்று வையுங்கள். அந்தக் கணக்கில் அந்தச் சுற்றுக்கு நாலரை முதல் ஐந்தரை மணி நேரம் ஆகும். உங்களுக்கு அது வேண்டாம்.

உங்களுக்கான வழி: நிலையம், ஆல்ட்பரி, நினைவுத்தூண், அதே வழியில் திரும்புதல். போக வரச் சுமார் 6 கி.மீ. ஆல்ட்பரியிலிருந்து தூண் வரையான ஏற்றம் மட்டும் கொஞ்சம் செங்குத்து. 70–80 மீட்டர் உயரத்தை ஒரு கி.மீ.க்குள் ஏற வேண்டும். டாம்ஸ் ஹில் ரோட்டிலிருந்து பிரியும் பாதை பீச் (beech) மரங்களுக்கு நடுவே போகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் ஏற்றத்தைவிட இறக்கம்தான் தொந்தரவு தரும். ஒரு ஜோடி நடைக்கோல் எடுத்துப் போங்கள். அதுவும் முடியாது என்றால் பக்கத்து ஊரான பெர்க்கம்ஸ்டெட் அல்லது டிரிங்கில் டாக்ஸி முன்பதிவு செய்து நேராக மேலே வந்துவிடலாம். நிலைய வாசலில் டாக்ஸி காத்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

மேலே தூணுக்குப் பக்கத்தில் பார்வையாளர் மையம், காப்பிக்கடை, கழிப்பறை மூன்றும் உண்டு. காட்டுக்குள் வேறெங்கும் கழிப்பறை கிடையாது என்பதால் இதை வைத்தே நாளைத் திட்டமிடுங்கள். அந்தத் தூண் 1832-இல் எழுப்பியது, கால்வாய்கள் வெட்டிப் பெயர்பெற்ற மூன்றாம் பிரிட்ஜ்வாட்டர் கோமகனின் நினைவாக. உள்ளே 172 படி. வெயில்காலத்தில் சில வார இறுதிகளில்தான் திறப்பார்கள்.

புளூபெல்லுக்கு வருவோம். இங்கே புகழ்பெற்ற இடம் டாக்கி வுட், தூணிலிருந்து வடக்கே ஏறக்குறைய 3 கி.மீ. கால் தாங்கும் என்றால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். போக வர 6 கி.மீ. கூடும். பூக்காலத்தின் வார இறுதிகளில் நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அல்லாதவர்களிடம் அங்கே கட்டணம் வாங்குவது வழக்கமாக இருந்துவருகிறது. அந்த ஆண்டு எப்படி என்று ஆஷ்ரிட்ஜின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் பிடிக்காதென்றால் வார நாளில், காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். டாக்கி வுட்டைத் தவறவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை என்பது என் கருத்து. ஆஷ்ரிட்ஜின் மற்றக் காட்டுப் பகுதிகளிலும் திட்டுத்திட்டாகப் பூக்கும், பக்கத்தில் ஆளும் இருக்காது.

பூக்கும் காலம் ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை. குளிர் நீண்ட ஆண்டில் ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போகும். இந்தச் செடிக்கு வாய்க்கும் அவகாசம் குறைவு: பீச் மரம் இலை விட்டுவிட்டால் தரைக்கு வெளிச்சம் வராது. அதற்குள் கிழங்கிலிருந்து இலை விட்டு, வெயிலை உணவாக்கி, பூத்து, அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்த்து முடித்துவிட வேண்டும். இலையை மிதித்து நசுக்கினால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். மோசமாக மிதிபட்ட திட்டு தேறப் பல ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து முளைத்துப் பூக்கவே ஐந்தாண்டு ஆகிற செடி. பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து படம் எடுக்க ஒருவர் இரண்டடி உள்ளே போனால், அடுத்தவர் அந்தத் தடத்திலேயே போவார். மாலைக்குள் அங்கே புதிதாக ஒரு பாதை விழுந்திருக்கும். பாதையோரம் கட்டைகளைக் கிடத்தியிருப்பது உட்காருவதற்கு அல்ல, அதுதான் எல்லை. படத்துக்கு ஒரு வழி: பாதை வளையும் இடத்தில் நின்று, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, ஜூம் போட்டு எடுங்கள். பூக்களுக்கு நடுவே நிற்பது போலவே விழும்.

பறிக்கவும் வேண்டாம். நிலக்காரர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம்.

பூவையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இங்கத்துப் பூ என்றால் தண்டு ஒரு பக்கமாக வளைந்து தொங்கும், நல்ல நீலம், மணம் உண்டு, மகரந்தம் வெண்மஞ்சள். தோட்டங்களிலிருந்து தப்பி வந்த ஸ்பானிய வகை நிமிர்ந்து நிற்கும், வெளிறிய நீலம், மணம் அநேகமாக இருக்காது, மகரந்தமும் நீலம். கிராமத்து வீடுகளுக்குப் பக்கத்தில் ஸ்பானிய வகையும் கலப்பும் அதிகம். காட்டுக்குள் போகப் போக இங்கத்துப் பூ.

காட்டின் வயதைத் தரையிலேயே படிக்கலாம். இங்கிலாந்தில் 1600-ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாக இருக்கும் நிலத்தைத்தான் தொன்மையான காடு என்று பதிவு செய்கிறார்கள். புளூபெல், வெள்ளை அனிமோன் போன்றவை மிக மெதுவாகப் பரவுவதால் அவை நிறைந்திருந்தால் பழங்காடாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இந்தக் காட்டில் மனிதக் கை படாத மூலை என்று எதுவும் இல்லை. ஒரே தூரிலிருந்து நாலைந்து தண்டுகள் கிளம்பியிருந்தால் அது காப்பிஸ் முறை: தரைமட்டத்தில் வெட்டி, தூரிலிருந்து மறுபடி துளிர்க்கவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழி வெட்டுவது. ஆள் உயரத்துக்கு மேல் தலை வெட்டப்பட்டு, அங்கிருந்து தடித்த கிளைகள் விரிந்த கிழட்டு பீச் மரங்களைப் பார்த்தால் அது பொல்லார்ட்; கீழே ஆடுமாடு மேயும், துளிர் அவற்றுக்கு எட்டக் கூடாது என்பதற்காக உயரத்தில் வெட்டினார்கள். ஆஷ்ரிட்ஜின் தெற்குப் பக்கம் ஃபிரிட்ஸ்டன் பீச்சஸ் என்ற இடத்தில் இப்படிப்பட்ட நூற்றாண்டுகள் கண்ட மரங்கள் நிற்கின்றன. நெட்ட நெடுகத் தூண் போல வளர்ந்த பீச் காடுகள் வேறு கதை: சில்டர்ன் பகுதியே ஹை விக்கம் என்ற ஊரின் நாற்காலித் தொழிலுக்கு மரம் கொடுத்தது. பாட்ஜர் என்று பெயர்பெற்ற கடைசல்காரர்கள் காட்டுக்குள்ளேயே கொட்டகை போட்டு நாற்காலிக் கால்களைக் கடைந்து ஹை விக்கம் பட்டறைகளுக்கு அனுப்பினார்கள்.

இப்போது பாதைகள். நடக்க உரிமையுள்ள பாதையில் இருக்கிறோமா என்பதுதான் இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. நிலம் தனியாருடையதாக இருக்கும், பாதை பொதுமக்களுடையதாக இருக்கும். மஞ்சள் அம்பு போட்டிருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு பிரைடில்வே: குதிரை, சைக்கிள் இரண்டும் வரும். சைக்கிள்காரர் உங்களுக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். குதிரைக்கு நீங்கள் ஓரம் ஒதுங்கி, அது உங்களைப் பார்க்கும்படி நின்று, மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள், சத்தமில்லாமல் பின்னால் போகாதீர்கள். அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் (ஓஎஸ்) எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் (1:25,000, ஆரஞ்சு அட்டை, இந்தப் பகுதிக்கு எண் 181) இந்தப் பாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கும்: சின்னக் கோடுகள் நடப்பவர் பாதை, நீளக் கோடுகள் பிரைடில்வே. கறுப்புக் கோட்டுப் பாதைகள் தரையில் இருக்கும், உரிமை இருக்கும் என்று சொல்ல முடியாது. கூகுள் மேப்பில் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. அதை மட்டும் நம்பிப் போகிறவர்கள் யாருடைய பண்ணை வாசலிலோ போய் நிற்கிறார்கள். ஓஎஸ் செயலியில் அந்தப் பகுதி வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். காட்டுப் பள்ளங்களில் சிக்னல் நம்ப முடியாது.

பாதை உழுத வயலின் குறுக்கே போனால் தயங்காமல் அதே கோட்டில் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். உழுத 14 நாளுக்குள் வயலின் குறுக்கே குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையைச் சீராக்கித் தர வேண்டியது விவசாயியின் கடமை. பயிரைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போவது மரியாதை என்று தோன்றும். அப்படிப் போனால் உரிமையில்லாத நிலத்தில்தான் மிதிக்கிறீர்கள்.

இந்த உரிமைகள் சும்மா வந்தவை அல்ல. அந்தச் சண்டையில் ஒன்று இதே ரயில் பாதையில் வந்து இறங்கியது. 1866-இல் ஆஷ்ரிட்ஜ் எஸ்டேட்டின் பிரவுன்லோ பிரபு பெர்க்கம்ஸ்டெட் பொதுநிலத்தை இரும்பு வேலி போட்டு அடைத்தார். அகஸ்டஸ் ஸ்மித் என்ற நிலக்காரர், அந்த மார்ச் 6-ஆம் தேதி இரவு லண்டனில் நூற்றுக்கு மேற்பட்ட கூலியாட்களைத் திரட்டி, யூஸ்டனிலிருந்து தனி ரயிலில் டிரிங்குக்கு அனுப்பினார். நிலவொளியில் நடந்து போனவர்கள் விடியுமுன் வேலியைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டார்கள். வழக்கு 1870-இல் ஸ்மித் பக்கமே தீர்ந்தது. அந்தப் பொதுநிலத்தில் இன்றும் யாரும் நடக்கலாம்.

கேட்டுகள்: திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடி விடுங்கள். கிஸ்ஸிங் கேட் என்பது ஒருவர் மட்டும் புகும் கூண்டு போன்ற வாயில்; பெரிய முதுகுப்பை மாட்டிக்கொள்ளும். வேலியைத் தாண்ட ஸ்டைல் எனப்படும் மரப்படிகளும் வரும், ஈரத்தில் வழுக்கும், பெரியவர்களுக்குக் கை கொடுங்கள்.

மாடு மேயும் வயலில் கன்றோடு நிற்கும் பசுவுக்கு நடுவே போகாதீர்கள். கன்றுக்கும் தாய்க்கும் குறுக்கே வருவதுதான் ஆபத்து. நிதானமாகச் சுற்றிப் போங்கள். நாய் கூட இருந்து மாடு துரத்தினால் வாரை விட்டுவிட வேண்டும், நாய் தப்பித்துக்கொள்ளும். மந்தைக்கு நடுவே காளை நிற்பதைப் பார்த்து அரண்டுபோக வேண்டாம். பால்வகை இனங்களின் பத்து மாதத்துக்கு மேற்பட்ட காளைகளைப் பொதுப்பாதை போகும் வயலில் விடுவது சட்டவிரோதம். இறைச்சி இனக் காளை பசுக்களோடு நிற்கலாம்.

நடைபாதை இல்லாத கிராமச் சாலையில் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். கூர்மையான வலது வளைவு வரும்போது மட்டும் முன்கூட்டியே மறுபக்கம் மாறுங்கள். குறுகலாக இருக்கிறதே என்று வண்டிகள் மெதுவாக வரும் என்று நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் வேக வரம்பு 60 மைல்.

காலுக்கு என்ன போடுவது? இங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை, குன்றின் தலையில் சக்கிமுக்கிக் கற்கள் கலந்த களிமண் தொப்பி. மழைக்குப் பிறகு சரிவில் சுண்ணாம்பு வழுக்கும், மேட்டில் களிமண் ஒட்டும். ஏப்ரலிலும் சேறு காயாமல் இருக்கும். கணுக்காலைப் பிடிக்கும், அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள நடைக்காலணி வேண்டும். ரப்பர் பூட்ஸ் ஒரு கி.மீ.க்குச் சரி, ஆறு கி.மீ.க்குக் குதிகால் கொப்பளித்துவிடும். ஜீன்ஸ் நனைந்தால் கனத்துச் சில்லிடும், காயவே காயாது. புடவையும் வேண்டாம், முட்செடியில் மாட்டும்; சல்வாரோ பேண்ட்டோ போட்டு உள்ளே நீளமான காலுறை. மேலே மூன்று மெல்லிய அடுக்கு, அதற்கும் மேல் மழைக்கோட்டு. லண்டனில் வெயில் அடிக்கிறதே என்று கோட்டை விட்டுவிட்டு வராதீர்கள், குன்றின் மேல் காற்று வேறு. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கட்டுச்சோறு கொண்டுபோவதில் தப்பில்லை, தூணுக்கு முன்னுள்ள புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். குப்பையை, ஆரஞ்சுத் தோல் உட்பட, திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். தலைக்கு மேல் பிளந்த வாலோடு வட்டமிடும் பெரிய பறவை ரெட் கைட் என்ற பருந்து. இங்கிலாந்தில் அற்றுப்போன அதை 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். சாப்பாட்டைக் காட்டிப் பழக்காதீர்கள், கையிலிருந்தே பறிக்கும்.

பலத்த காற்று என்று வானிலை அறிவித்தால் காட்டைத் தள்ளிப்போடுங்கள். பீச் மரத்தின் கிளைகள் திடீரென்று முறியும். ஆஷ் மரங்கள் 2012-இல் இங்கே கண்டறிந்த பூஞ்சை நோயால் பட்டுக்கொண்டே வருகின்றன, பட்டமரத்தின் கிளை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. எந்த நாளிலும் பட்டமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். பாதையோரம் ரம்ப விளிம்பு இலையோடு நிற்கும் நெட்டில் நம்மூர்க் காஞ்சொறி போலச் சுள்ளென்று பிடிக்கும்; தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவினால் சில மணி நேரத்தில் அடங்கும். காளான், கீரை எதையும் பறித்துச் சமைக்க நினைக்காதீர்கள். காட்டுப் பூண்டு இலைக்கு நடுவிலேயே நச்சு இலைகள் முளைத்திருக்கும்.

மதியம் ஆல்ட்பரிக்கு இறங்குங்கள். நடுவில் குளம், குளக்கரையில் பழைய காலத்துத் தண்டனைக் கட்டை, சுற்றிச் செங்கல் வீடுகள். செயின்ட் ஜான் தேவாலயம் திறந்திருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள்: 1471-இல் டூக்ஸ்பரி போரில் இறந்த சர் ராபர்ட் விட்டிங்ஹமின் கற்படிமத்தின் காலடியில், தடியோடு உடம்பெல்லாம் ரோமம் நிறைந்த காட்டுமனிதன் ஒருவன் படுத்திருக்கிறான்.

ஊரில் கிரேஹவுண்ட், வேலியன்ட் டிரூப்பர் என்று இரண்டு பப். பொதுவாகக் கிராமத்துப் பப்பில் மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். மேசை எண்ணைக் குறித்துக்கொண்டு பாரில் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். சமையலறையை இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும் இடங்கள் பல. ஞாயிறு மதியம் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது கஷ்டம். சைவ உணவு ஒன்றிரண்டாவது இருக்கும். மது குடிக்காதவர்கள் போகலாமா என்று அப்பா தயங்கினால், தேநீர் மட்டும் வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சேற்றுக் காலணியை மட்டும் வாசலில் கழற்றுங்கள்.

ஏப்ரல் கடைசியில் சூரியன் மறைய இரவு எட்டைத் தாண்டும், அவசரமில்லை. இதே பயணத்தை டிசம்பரில் போட்டால் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அப்போது இரண்டரைக்கே மேலிருந்து இறங்கத் தொடங்க வேண்டும். ஆபத்து என்றால் 999. காட்டுக்குள் முகவரி சொல்ல முடியாது என்பதால் ஓஎஸ் செயலி காட்டும் கட்ட எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் ஒரு வேலை பாக்கி: உண்ணி சோதனை. ஆஷ்ரிட்ஜில் ஃபாலோ மான்கள் நிறைய, மான் இருக்கும் இடத்தில் உண்ணியும் இருக்கும். இளம் உண்ணி கசகசா அளவுதான். முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்ந்த இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக மேலே மெதுவாக இழுங்கள். எண்ணெய், வாசலின், நெருப்பு எதுவும் வேண்டாம். அது கக்கும்போது கிருமி உள்ளே போக வாய்ப்பு கூடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சல், உடல்வலியோ வந்தால் லைம் நோயாக இருக்கலாம். உண்ணி கடித்ததைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள், ஆன்டிபயாடிக்கில் குணமாகும். அப்பா அம்மா அதற்குள் ஊர் திரும்பியிருந்தால் அங்கத்து மருத்துவருக்கு இந்த நோய் உடனே நினைவுக்கு வராமல் போகலாம். இங்கிலாந்துக் காட்டில் நடந்தோம் என்பதை அவர்களே எடுத்துச் சொல்லும்படி கிளம்பும்போது சொல்லி அனுப்புங்கள்.